பத்தாவது ஆள்



சென்ற மாதம் பத்து நாள் விடுப்பில் லாங் ஐலண்டிற்கு வந்திருந்தோம். தண்டவாளமே இல்லாத தீவில் பிறந்து, எர்ணாகுளத்தில் இரயில்வே எழுத்தராகக் காலந்தள்ளும் நமக்கு, படகுத்துறையில் கால் வைத்ததும் உண்டாகும் நிம்மதியை அன்பர்கள் அறிவீர்கள். வந்த மறுநாள் நம் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டம். சட்டப்படி கோரம் பதினைந்து பேர். வந்திருந்தவர்கள் பதினொருவர். தலைவர் அரைமணி காத்திருந்தார். பின்னும் அரைமணி காத்திருந்தார். முடிவில் கூட்டத்தை ஒத்திவைத்தார். கண்பார்வை மங்கிய நம் காரியதரிசி, தம்மை விடுவிக்கும்படி மூன்று ஆண்டுகளாக வேண்டுகிறார். அந்தப் பொறுப்பை ஏற்பார் இல்லை.

அன்று அங்கே இருந்தவர்கள் பதினொருவர்தாமா? தாழ்வாரத்தில் அம்மையார் மூவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தனர். நாற்காலிகளைச் சுமந்து வந்து போட்ட இளைஞர் நால்வர் வேலியோரம் நின்றிருந்தனர். ஆக, அவ்விடத்தில் பதினெட்டுப் பேர் இருந்தோம். அவர்களுள் எழுவரை எவரும் எண்ணவில்லை. பொங்கல்தோறும் நம் சங்கத்துச் சமையலை முன்னின்று நடத்தும் மூதாட்டியார் நம்மிடம் தேநீரை நீட்டிக்கொண்டே, “ஏன் தம்பி, ஆள் பத்தலைன்னு சொல்லிக்கிட்டே எங்க கையில டீ வாங்கிக் குடிக்கிறீங்களே, அப்ப நாங்கல்லாம் யாரு?” என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை.

அக்கேள்வி படகிலும் கப்பலிலும் நம்மைத் தொடர்ந்து வந்தது. எர்ணாகுளம் சேர்ந்தபின், ஒரு ஞாயிறு மாலை யூதத் தெருவின் பக்கமாக நடந்தோம். அங்குள்ள கடவும்பாகம் ஜெபாலயத்தின் முன்புறத்தில் செடிகளும் அலங்கார மீன்களும் விற்கும் கடை ஒன்று உண்டு. அக்கடையைக் கடந்துதான் உள்ளே செல்லவேண்டும். அவ்விடத்தில் நின்றபொழுதுதான், ஆட்களை எண்ணுவது பற்றி யூத சமயத்தார்க்குள்ள ஒரு நியமம் நினைவிற்கு வந்தது. அதனையே இத்திங்கள் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

யூதர்களின் கூட்டு வழிபாட்டில் சில பிரார்த்தனைகளைச் சொல்லவும், தோரா என்னும் வேதச் சுருளைச் சபையில் ஓதவும், வயது வந்த பத்துப் பேர் கூடியிருத்தல் வேண்டும். பழைய முறைப்படி அவர்கள் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்களாக இருத்தல் வேண்டும். ஒன்பது மகான்கள் வந்திருந்தாலும் போதாது; பத்தாவதாகச் செருப்புத் தைப்பவர் வந்தால் போதும். குரு இல்லாமலும் வழிபாடு நடக்கும். ஓதத் தெரிந்த எந்தக் குடும்பஸ்தரும் முன்நின்று நடத்தலாம். ஆதலால் யூதச் சபை என்பது பெரும்பாலும் குடும்பஸ்தர்களின் கமிட்டியாலேயே வாழ்கிறது. கட்டடத்தைப் பேணுதல், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல், ஏழைகட்கு உதவுதல், இறந்தவரை நீராட்டி அடக்கம் செய்தல் ஆகிய யாவற்றிற்கும் பொறுப்பாளர் உண்டு. பிரேதத்தை நீராட்டும் பணி, கைம்மாறு கருதாத தொண்டாக அவர்களிடையே மதிக்கப்படுகிறது.

பணம் கையாள்வதில் அவர்களுடைய பழைய சட்டம் ஒன்று, கணக்கு எழுதிப் பிழைக்கும் நம் மனத்தைக் கவர்ந்தது. தருமப் பணத்தை வசூலிக்க இருவருக்குக் குறையாமல் செல்லவேண்டும். பங்கிட மூவருக்குக் குறையாமல் அமரவேண்டும். ஒருவர் எவ்வளவு யோக்கியராயினும் தனியே உண்டியலைத் திறத்தல் ஆகாது. இது அவநம்பிக்கையால் பிறந்த விதியன்று. யோக்கியரைப் பழிச்சொல்லினின்று காப்பாற்றும் விதி.

இந்த ஏற்பாடு நமக்கு வெகு அருகிலேயே பல நூற்றாண்டுகள் நடந்து வந்திருக்கிறது. சுமார் 1000-ஆம் ஆண்டில், சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குச் செப்பேடு வழங்கி, அஞ்சுவண்ணத்தின் உரிமைகளை அளித்தார். அச்செப்பேடு வட்டெழுத்தில், நம் தமிழை ஒட்டிய மொழியில் அமைந்தது. பிற்காலத்தில் கொச்சி மன்னர்கள் யூதர்களுக்குத் தலைவர் ஒருவரை நியமித்தபொழுது, அவருக்கு ‘முதலியார்’ என்றே பட்டமளித்தனர். முறையான பட்டம் பெற்ற ரப்பிகள் கொச்சியில் பெரும்பாலும் இருந்ததில்லை. வியாபாரிகளும் முதியோர்களுமே சபைகளை நடத்தினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொச்சி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் மொத்தம் எட்டு ஜெபாலயங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது.

இனி, மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருவோம். 1568-இல் மட்டாஞ்சேரியில் எழுந்த ஜெபாலயத்திற்குப் பரதேசி ஜெபாலயம் என்று பெயர். ஸ்பெயின் முதலிய வெளிதேசங்களிலிருந்து பிந்தி வந்தோர் கட்டியதால் இப்பெயர் ஏற்பட்டது. வந்தேறிகளாகிய இவர்களே பிற்காலத்தில் தம்முள் ஒரு பிரிவினரைத் தள்ளி வைத்தனர். ‘அடிமைத்தளையினின்று விடுவிக்கப்பட்டோரின் சந்ததியார்’ என்று கூறி, ஆசனங்களில் அமரவும், வேதச் சுருளை ஓதவும் அவர்களுக்கு உரிமை மறுத்தனர். அவர்கள் தரையிலும் வாயிற்புறத்திலும் அமர்ந்தனர். வேதமும் ஒன்று, மொழியும் ஒன்று, தெருவும் ஒன்று. ஆயினும் எண்ணும்பொழுது அவர்கள் வேறு.

அப்பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சலேம். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் அங்கத்தினராக இருந்தார். 1929-இல் லாகூரில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கும் சென்று வந்தார். சட்டசபையில் ஆசனம் பெற்றவருக்குத் தம் ஜெபாலயத்தில் ஆசனம் இல்லை! அவர் தனியே வேறொரு ஜெபாலயம் கட்டிக்கொள்ளவில்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் சபைக்குள்ளேயே கையாண்டார். சில காலம் ஜெபாலயத்தைப் புறக்கணித்தார். பிறகு உள்ளே சென்று, மறுக்கப்பட்ட இடத்தில் அமர்ந்தார். பல ஆண்டுகள் பொறுமையாகப் போராடியதன் பயனாக, தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மக்கள் அவரை ‘யூத காந்தி’ என்று அழைத்தனர். அவர் காலமானது 1967-இல்.

ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. 1948-இல் இஸ்ரேல் உருவானபின், சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு பேராக இருந்த கேரள யூதர்களுள் மிகப் பெரும்பாலோர், அடுத்த சில ஆண்டுகளில் கப்பலும் விமானமும் ஏறிச் சென்றுவிட்டனர். மாளாவில் இருந்தோர் 1955-இல் புறப்படுமுன், தங்கள் ஜெபாலயத்தைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துச் சென்றனர். பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ளவை இன்று காட்சிசாலைகள். மட்டாஞ்சேரியில் 1760-இல் எழுந்த மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. உள்ளே விளக்குகளும் சீனத்துத் தரை ஓடுகளும் ஒளிர்கின்றன. ஆனால் வெளியூரார் வந்தாலன்றிப் பத்துப் பேர் சேருவதில்லை.

அவர்கள் குறைந்தமைக்குக் காரணம் குடிபெயர்தலேயன்றி, முன் சொன்ன ஒதுக்கல் அன்று. நாம் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. நம் நெஞ்சைத் தொட்டது வேறு. ஆட்கள் நிறைந்திருந்த காலத்தில், வாயிற்படியில் இருந்தவரை உள்ளே அழைக்க மனம் வரவில்லை. மனம் வந்த காலத்தில், அழைக்க ஆளே இல்லை.

தில்லியில் வேறு விதமாக நடக்கிறது. அங்கே 1956-இல் நிறுவப்பெற்ற ஜூடா ஹயாம் ஜெபாலயம் மிகச் சிறிய சபை. அதன் வழிபாட்டைப் பல்லாண்டுகள் முன்நின்று நடத்தியவர் ஊதியம் பெறாத கௌரவக் காரியதரிசியான எசக்கியேல் ஐசக் மலேக்கர் என்னும் வழக்கறிஞர். பத்துப் பேரை எண்ணும்பொழுது அங்கே பெண்களையும் சேர்த்து எண்ணும் வழக்கத்தை மேற்கொண்டனர். பழைய முறையினர் இதனை ஏற்பதில்லை. அது அவர்கள் சமய விஷயம், நாம் தீர்ப்புக் கூறத் தகாது. ஆயினும், எண்ணிக்கை குறைந்தபொழுது கதவைச் சாத்தாமல், எண்ணும் முறையை விரித்துக்கொண்ட ஒரு சபையும் உண்டு என்பதை அறிதல் நன்று.

இனி நம் தீவிற்கு வருவோம். நம் சங்கத்தின் சட்டப் புத்தகத்தில் மூன்றாம் விதி, ‘ஆதியில் குடியேறிய குடும்பங்களின் ஆண் தலைவர்களே அங்கத்தினர் ஆவர்’ என்று கூறுகிறது. ஒப்பந்தக் கூலிகளாகப் பிந்தி வந்தோர் சந்தா செலுத்தலாம், வேலை செய்யலாம், வாக்களித்தல் கூடாது. இவ்விதியை அழகான கையெழுத்தில் எழுதியவர் யார் தெரியுமா? பதினான்கு ஆண்டுகட்கு முன், மெட்ரிகுலேஷன் தேறி, வேலையின்றி, உதவிக் காரியதரிசியாக இருந்த நாமேதான். பெரியவர்கள் சொன்னார்கள், நாம் எழுதினோம். அடிக்கோடும் இட்டோம். அப்பொழுது தீவில் ஆள் நிறைய இருந்தார்கள். பின்னர் மரத்தொழில் சுருங்கிற்று. ரங்கத்திற்கும், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேருக்கும், நம்மைப் போலத் தாய்நாட்டிற்கும் எத்தனையோ குடும்பங்கள் போய்விட்டன. விதி மட்டும் அங்கேயே இருக்கிறது.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்ட அன்று ஒரு பெரியவரிடம் இதனை மெல்லச் சொன்னோம். “அவர்களைச் சேர்த்தால் நாளைக்கு அவர்களே அதிகமாகிவிடுவார்களே, தம்பி!” என்றார். உண்மைதான், ஆகலாம். ஆனால் ஐயா, இத்தீவில் நாம் யாவருமே பரதேசிகள் அல்லவா? முந்திய கப்பலில் வந்தவர், பிந்திய கப்பலில் வந்தவர் என்பதன்றி வேறு பேதம் யாது?

ஒத்திவைத்த கூட்டத்திற்குக் கோரம் வேண்டுவதில்லை என்று நம் சட்டம் சொல்கிறது. ஆகையால் ஐவர் வந்தாலும் தீர்மானம் நிறைவேறும். ஐவரால் தீர்மானம் நிறைவேறுமேயன்றி, பொங்கல் விழா நிறைவேறாது. நோயாளியைப் படகேற்றி ஆஸ்பத்திரி சேர்க்க முடியாது. பாடை சுமக்கவும் ஆள் போதாது. எனவே மூன்று திருத்தங்களைக் கடிதமாகத் தலைவருக்கு அனுப்பியுள்ளோம். தீவில் ஓராண்டு வசித்த, பதினெட்டு வயது நிரம்பிய தமிழர் ஆணாயினும் பெண்ணாயினும் அங்கத்தினர் ஆகலாம் என்பது முதலாவது. உண்டியலை இருவர் திறந்து, மூவர் பங்கிடவேண்டும் என்பது இரண்டாவது. காரியதரிசிப் பதவி ஈராண்டிற்கு மேல் ஒருவர் தலையில் இராமல், உதவியாளர் ஒருவர் உடனிருந்து பழகவேண்டும் என்பது மூன்றாவது.

நம் கையால் எழுதிய விதியை நம் கையாலேயே அடிக்கும் பேற்றை நமக்கு அளிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். அடுத்த கூட்டத்தன்று நாம் எர்ணாகுளத்தில் பயணச்சீட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்போம். நமக்குப் பதிலாக அந்த மூதாட்டியாரை உள்ளே அழைத்து ஒரு நாற்காலி போடுங்கள். அன்று தேநீரை வேறு யாரேனும் ஆற்றட்டும்.