ஐந்நூறு வாற் என்று எழுதிய பெட்டி

யாழ்ப்பாணத்தில் 1990இல் மின்சாரம் நின்றுபோன பின்னர் அங்கு வாழ்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்றுவார். டைனமோவில் இருந்து வரும் மின்னில் நாங்கள் வானொலிச் செய்தி கேட்போம். சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால், "றேடியோவை எரிக்கப் போறாய்" என்று வீட்டுக்காரர் ஏசுவார். கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சாகிய காலம் அது. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு மின் ஊட்டும் மூலம் சரியில்லாவிட்டால் பயனில்லை என்ற பாடத்தை அப்போதே படித்தவன் நான். முப்பது ஆண்டுகள் கழித்து அதை மறந்துபோனேன். அந்த மறதிக்கு நான் கொடுத்த விலையைப் பற்றியதே இப்பத்தி.

என் மகன் கணினி விளையாட்டுப் பிரியன். அவனுடைய கணினியில் என்விடியா நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஜிரிஎக்ஸ் 750 ரிஐ என்னும் கிராபிக்ஸ் அட்டை இருந்தது. வெறும் 60 வாற் மின்னில் இயங்கும் சாதுவான அட்டை அது. தாய்ப்பலகையின் செருகுவாய் 75 வாற் வரை கொடுக்கும் என்பதால் அதற்குத் தனி வயர்கூடத் தேவைப்படவில்லை. புதிய விளையாட்டுகளுக்கு அது காணாது என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்ட நாட்டில், விளையாட்டுக்காக அட்டை வாங்குவது பற்றி யார் யோசிப்பார்கள்? அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. கணினி இருந்தும் இல்லாத நிலை.

2023இல் ரொறன்ரோவில் இருந்து வந்த மைத்துனர் தன் பயணப்பொதிக்குள் உடுப்புகளுக்கிடையே சுற்றி ஓர் அட்டையைக் கொண்டுவந்தார். ஆர்ரிஎக்ஸ் 3060. அவருடைய மகன் புதியது வாங்கிவிட்டதால் மிஞ்சிய பழையது. மாமா கொடுத்த அந்தப் பெட்டியை என் மகன் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கினான்.

அன்று இரவே என்னிடம் வந்தான். "அப்பா, இதுக்கு 170 வாற் வேணும். எங்கட பவர் சப்ளை காணாது. நல்லது ஒண்டு இருபத்தையாயிரம் வரும்."

அட்டை இலவசமாகக் கிடைத்திருக்க, கணினியின் மூலைக்குள் ஒளிந்து கிடக்கும் ஓர் இரும்புப் பெட்டிக்கு இருபத்தையாயிரமா என்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள், கணினி வாங்கிய கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "ஐயா, ஐந்நூறு வாற் எண்டு பெட்டியிலேயே எழுதியிருக்கு. தாராளமாக் காணும். வயர் பொருந்தாட்டி இந்த மாற்றியைப் போடுங்கோ." சில நூறு ரூபாவுக்கு ஒரு மாற்றி வயரையும் தந்தார். படித்த பிள்ளையின் சொல்லைத் தள்ளிவிட்டு, விற்பவரின் சொல்லை நம்பினேன்.

அதன் பின்னர் மூன்று வாரங்கள் கணினி ஒழுங்காக இருப்பது போலவே இருந்தது. கட்டுரை எழுதலாம், படம் பார்க்கலாம். மகன் விளையாட்டைத் தொடங்கினால் மட்டும் திடீரென்று அணைந்துவிடும். அட்டைதான் பழுது, கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்படுத்திய அட்டையாக இருக்கும் என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். 2022 செப்ரெம்பரில் எதெரியம் தன் முறையை மாற்றிய பிறகு அப்படிப்பட்ட பழைய அட்டைகள் சந்தையில் குவிந்தது உண்மைதான். ஆனால் இது அத்தகையதல்ல. நான்காவது வாரம் ஓர் இரவு பட்டென்று வெடிச்சத்தம் கேட்டது. வயர் கருகிய மணம் வீடெல்லாம் பரவியது.

மின்வழங்கி செத்துப்போனது, போகும்போது வன்தட்டையும் கூட்டிக்கொண்டு போனது. அந்த வன்தட்டில் மகனின் விளையாட்டுகளோடு என்னுடைய கோப்புகளும் இருந்தன. ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பத்திரிகை செய்த பழைய அச்சுக்கோப்பாளர்கள் சிலருடன் பல ஆண்டுகளாக நான் பதிவுசெய்த உரையாடல்கள் அவை. எழுதவேண்டும், எழுதவேண்டும் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்தேன். பேசியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. மின்னஞ்சலில் நண்பர்களுக்கு அனுப்பிய சில துண்டுகளே மிஞ்சின. வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்காதது என் குற்றம், அதை மறைக்கவில்லை. மாமாவின் அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் ஓடுகின்றது.

செத்த பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, மகன் அதன் பக்கவாட்டு ஒட்டுத்தாளை எனக்கு வாசித்துக் காட்டினான். பெரிய எழுத்தில் 500 வாற். கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத சிறிய எழுத்தில் ஓர் அட்டவணை. 12 வோல்ற் வழியில் 16 அம்பியர் என்று அதில் இருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாற். கிராபிக்ஸ் அட்டையும் செயலியும் உண்பது இந்த 12 வோல்ற் வழியில் இருந்துதான். அட்டைக்கு 170, செயலிக்கு 65, மொத்தம் 235. போதாததற்கு, இக்கால அட்டைகள் கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவான ஒரு கணத்தில் தமக்குக் குறிக்கப்பட்ட அளவைத் தாண்டியும் மின்னை இழுக்கும். நல்ல மின்வழங்கி அதைத் தாங்கும், தாங்க முடியாவிட்டால் தன்னை அணைத்துக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றும். மலிவானதில் அந்தக் காவலும் பெயரளவில்தான். 3060 அட்டைக்கு 550 வாற் மின்வழங்கி வேண்டும் என்று என்விடியாவே பரிந்துரைத்திருக்கின்றது. பள்ளிக்கூடத்துப் பெருக்கல் கணக்கு ஒன்றைச் செய்யாமல் விட்டதால் வந்த வினை இது.

இதில் என் கஞ்சத்தனத்திற்குப் பங்குண்டு. கண்ணுக்குத் தெரிவதற்குக் காசு இறைப்போம், தெரியாததற்குக் கணக்குப் பார்ப்போம். வாசலுக்குப் பளிங்குக்கல் பதித்துவிட்டு, சுவருக்குள் போகும் வயரை மலிவாக வாங்கும் வீடுகள் எத்தனை! ஆயினும் முழுப் பழியையும் நானே சுமக்க ஆயத்தமில்லை. 192 வாற் மட்டுமே பயன்படக்கூடிய இடத்தில் 500 என்று பெரிதாக எழுதி விற்பதை வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அது பொய். ஒரு கிலோ அரிசியில் நூறு கிராம் குறைந்தால் தராசைப் பறிமுதல் செய்கிறார்கள். மின்வழங்கியில் பாதிக்கு மேல் குறைந்தால் கேட்பாரில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கின்றது. சட்டம் புதிதாக வேண்டியதில்லை. 12 வோல்ற் வழியின் உண்மையான வலுவைப் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் போடு என்று கட்டளையிட்டாலே போதும். 2004 முதல் வழக்கில் உள்ள 80 பிளஸ் முத்திரையைக் காட்டிச் சிலர் சமாதானம் சொல்வார்கள். மின் எவ்வளவு வீணாகின்றது என்பதற்கே அது சான்று. பாதுகாப்புக்குச் சான்றல்ல.

"விளையாட்டுப் பெட்டிக்கு இவ்வளவு விசாரமா?" என்று என் வயதுக்காரர் கேட்கக்கூடும். நானும் அப்படிக் கேட்டவன்தான். இதே அட்டையைக் கொண்டுதான் இன்று நம் இளைஞர்கள் குறும்படம் தொகுக்கிறார்கள், அசைவூட்டம் செய்கிறார்கள். விளையாட்டுக்காக வாங்கிய இயந்திரத்தில் தொழில் பழகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெறும் விளையாட்டாகவே இருந்தாலும், ஒரு பிள்ளையின் அறைக்குள் வெடிக்கக்கூடிய பெட்டியை விற்கும் உரிமை எவருக்கும் இல்லை.

வெளிநாட்டில் வாழும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்பும் அட்டை அன்பின் அடையாளம். அனுப்புமுன் அது எத்தனை வாற் கேட்கும், அங்குள்ள மின்வழங்கி எத்தனை அம்பியர் தரும் என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மின்வழங்கி பாரமானது என்பதால் எவரும் பொதியில் கொண்டுவருவதில்லை. அதற்கான காசையாவது சேர்த்து அனுப்புங்கள். கனடாவில் இருந்து பழைய மின்வழங்கியையே கொண்டுவருவதானால், பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஆழி உண்டா என்று பாருங்கள். 115இல் இருக்க, இலங்கையின் 230 வோல்ற்றில் செருகினால் அது அக்கணமே போய்விடும்.

இங்குள்ள பெற்றோருக்கும் ஒன்று. புதிதாக அட்டை வாங்குவதானால் குறைந்த மின்னில் ஓடுவதைத் தேடுங்கள். 2023இல் வந்த 4060, பழைய 3060இலும் வேகமானது, கேட்பதோ 115 வாற். 2022 ஆகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியதை நாம் அனைவரும் பட்டியல் பார்த்து அறிவோம். எதை வாங்கினாலும் மின்வழங்கிக்கான காசை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதற்கு அட்டை வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நல்ல மின்வழங்கி ஒன்று இருக்கின்றது. மகன் சொன்ன அதே விலைதான். கடையில் அதை வாங்கும்போது, ஒட்டுத்தாளைத் திருப்பி அம்பியரை வாசித்துப் பெருக்கிப் பார்த்தவன் நான். மகன் பக்கத்தில் நின்று ஒன்றும் பேசவில்லை. "நான் அப்பவே சொன்னனான்" என்று அவன் ஒருமுறையாவது சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.