கலெக்டர் இருக்கும் ஊர்

திருவள்ளூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அமாவாசைக் கூட்டம் வரும், வீரராகவப் பெருமாள் வருவார், சென்ட்ரலில் அவசரமாக ஏறி உட்கார்ந்த பிறகு, "இது ஆவடியோடு நின்றுவிடுமா, திருவள்ளூர் போகுமா?" என்று பக்கத்து மாமியைக் கேட்ட அனுபவம் வரும். அந்த ஊர் ஒரு ஜில்லாவின் தலைநகர் என்பது மட்டும் கடைசிவரையில் ஞாபகத்துக்கு வராது!

1997-ல் பழைய செங்கற்பட்டு ஜில்லாவை இரண்டாகப் பிரித்தார்கள். தென்பாதிக்குக் காஞ்சீபுரம் தலைநகராயிற்று, வடபாதிக்குத் திருவள்ளூர். காஞ்சீபுரத்துக்கு என்ன, பல்லவர் காலத்திலிருந்தே தலைநகராக இருந்து பழக்கம். திருவள்ளூர் அப்படியா? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி ஊரில் 56,074 பேர்தான். ஜில்லாவிலோ 37 லட்சத்துக்கு மேல். நேற்று வந்த சின்ன மருமகள் இடுப்பில் பெரிய குடும்பத்துச் சாவிக்கொத்தைச் சொருகிவிட்ட மாதிரி ஆயிற்று.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஊர்களை 'கவுண்டி ஸீட்' என்கிறார்கள். ஊர் நடுவே ஒரு கோர்ட்டுக் கட்டடம், அதைச் சுற்றிச் சதுக்கம், சதுக்கத்தைச் சுற்றிக் கடைகள். பல இடங்களில், எந்த மூலையில் இருக்கும் குடியானவனும் குதிரையில் கிளம்பி, காரியத்தை முடித்துக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பும்படி கணக்குப் பார்த்து எல்லை வகுத்தார்கள் என்று சொல்வதுண்டு. நல்ல கணக்கு! நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், தலைநகருக்குப் போன பெண்பிள்ளை விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்துவிட முடியுமா? இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பாருங்கள்.

முதலில் பெருமாள். சாலிஹோத்திரர் என்ற முனிவர் ஒரு வருஷம் பட்டினி கிடந்து தவம் செய்து, தை அமாவாசையன்று மாவு பிசைந்து வைத்துக்கொண்டு, அதிதி யாராவது வருகிறார்களா என்று பார்த்தாராம். ஒரு கிழவர் வந்தார். அவர் பங்கைச் சாப்பிட்டார். பசி தீரவில்லை என்று முனிவரின் பங்கையும் சாப்பிட்டார். அடுத்த வருஷமும் அதே கதை. போதாக்குறைக்கு, "படுக்க இடம் எவ்வுள்?" என்று வேறு கேட்டார். முனிவர் தம் குடிலையே காட்ட, கிழவர் பெருமாளாகப் பள்ளிகொண்டு விட்டார். அதனால் ஊருக்குத் திருஎவ்வுள் என்று பெயர். சாப்பிட்டுவிட்டுப் படுக்கவும் இடம் கேட்கும் விருந்தாளிகளிடம் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்!

இந்தப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் பெயர். புஷ்கரிணியின் பெயர் ஹிருத்தாபநாசினி. மனசின் தாபத்தைப் போக்குவது. வியாதிக்காரர்களும், அவர்களுக்காக வேண்டிக்கொண்டவர்களும் வெல்லத்தைக் குளத்தில் கரைக்கிறார்கள். கை, கால், கண் உருவம் பதித்த தகடுகளை வாங்கிச் செலுத்துகிறார்கள். தாய்மார்கள் எதை வாங்குகிறார்கள் என்று கவனித்தால், அவரவர் வீட்டில் யாருக்கு என்ன உபத்திரவம் என்று தெரிந்துவிடும். அமாவாசைக்கு முதல் நாளே வந்து படுத்திருப்பவர்களும் உண்டு. உங்களுக்குக் கூட்டம் ஆகாது என்றால், வேறு நாளில் போய்க் கனகவல்லித் தாயாரையும் நிதானமாகச் சேவித்துவிட்டு வாருங்கள்.

ரயிலுக்கும் இந்த ஊருக்கும் வெகுநாள் சம்பந்தம். 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியபோது, அன்றைக்கே இன்னொரு வண்டியும் திருவள்ளூர் வரையில் வந்தது. இப்போது விடியற்காலையிலிருந்து மின்சார ரயில்தான் ஊருக்குக் கடிகாரம். பெண்கள் பெட்டியில் ஏறிப் பாருங்கள். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் ஒருத்தி, பூத் தொடுத்தபடி ஒருத்தி, பாடப் புஸ்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒருத்தி. ஊரின் பகல் நேரத்தைச் சென்னை எடுத்துக்கொள்கிறது. இரவைத் திருப்பிக் கொடுக்கிறது.

எடுத்துக்கொண்டது அது மட்டுமா? தண்ணீரும்தான். ஊருக்கு அருகே பூண்டியில் கொசஸ்தலையாற்றைத் தடுத்து ஏரி கட்டியது சென்னையின் தாகத்துக்காக. சென்னை மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் முயற்சி அது. 1944-ல் ஏரி திறந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை; முந்தின வருஷமே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறது. ஏரிக்காக இடம் விட்டுக்கொடுத்தவர்களில் சிவபெருமானும் ஒருவர். கண்ணிழந்து வந்த சுந்தரருக்கு ஊன்றுகோல் கொடுத்த திருவெண்பாக்கத்துச் சுவாமியின் பழைய கோயில் நீரில் போயிற்று. இப்போது பூண்டியில் ஊன்றீசுவரராகக் குடியிருக்கிறார். கண் கேட்ட தோழனுக்குக் கோலைக் கொடுத்தவர், தாமே வீடு மாற்ற வேண்டியதாயிற்று!

பூண்டிக்குப் பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் பழமையானவை 15 லட்சம் வருஷத்துக்கு முற்பட்டவை என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. நம் அரிவாள்மணைக்கு மூதாதை!

இனி, ஜில்லாவின் மறுகோடிக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி ஆந்திர எல்லையோரம். சிப்காட் தொழிற்பேட்டை, இரும்பு உருக்கும் ஆலைகள், வடக்கத்திய இளைஞர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் என்று அது வேறு உலகம். அங்கே இருக்கும் ஒரு பெண்ணுக்குத் திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடம் முறையிட வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். ரயிலில் போவதானால் தெற்கே சென்னைக்கு வந்து, பேஸின் பிரிட்ஜிலோ சென்ட்ரலிலோ வண்டி மாறி, மேற்கே திருவள்ளூர் போக வேண்டும். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தன் ஜில்லாத் தலைநகரைப் பார்க்க அடுத்த ஜில்லாவுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும்! பெரியபாளையம் வழியாகச் சாலையில் தூரம் குறைவுதான். ஆனால் கைக்குழந்தையோடு பஸ் மாறிப் போய்ப் பாருங்கள், தூரம் கிலோமீட்டரில் இல்லை என்று தெரியும். வரிசையில் நின்று மனுவைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு திரும்புகிறபோது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். அன்றையக் கூலியும் போயிருக்கும்.

2018-ல் சென்னை ஜில்லாவை விரித்தபோது அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ரயில் பாதைக்கு நடுவில் இருந்தவை போயின. இரண்டு நுனிகளும் மட்டும் ஒரே ஜில்லாவாக நிற்கின்றன. எனக்கென்னவோ, படத்தில் கோடு போட்டவர்கள் ஒருநாளாவது அந்த ரயிலில் போய் வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

தலைநகர் என்ற பட்டம் ஓர் ஊரிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் இல்லை. இதே ஜில்லாவிலுள்ள பழவேற்காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமை ஸ்தலம். 1690-ல் அவர்கள் நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். இன்று அங்கே டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன, மீன் இருக்கிறது, பெண்கள் பனையோலையில் அழகான கூடைகள் முடைகிறார்கள்.

திருவள்ளூருக்கு 2022-ல் அரசாங்க மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வைத்திய வீரராகவர் ஊருக்குப் பொருத்தமான வரவுதான். சுற்று வட்டாரத்துத் தாய்மார்கள் பிரசவத்துக்கும் குழந்தைக்கும் சென்னைக்கு ஓட வேண்டிய அவசியம் குறையும். கும்மிடிப்பூண்டிப் பெண்ணோ, நடு இரவில் பிள்ளைக்கு ஜுரம் ஏறினால், இன்றைக்கும் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பக்கம்தான் வண்டியைத் திருப்பச் சொல்லுவாள்.