பால் தொட்ட சத்தியமும் வார்டு ஓட்டும்

ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் என்றால் நம் நாட்டில் படித்தவர்களுக்கு இளக்காரம், பாமர மக்களுக்குத் திருவிழா, அபேட்சகர்களுக்கு வியாபாரம். டில்லியில் யார் மந்திரி, சென்னையில் யார் மந்திரி என்று டீக்கடையில் மணிக்கணக்காய் வாதாடும் கனவான், தன் வீட்டு வாசலில் தேங்கி நாறுகிற சாக்கடைக்கு யார் பொறுப்பாளி என்று கேட்டால் விழிக்கிறார். ஆனால், ஒரு மனிதன் பிறந்ததைப் பதிந்துகொள்வதும், செத்ததைப் பதிந்துகொள்வதும், இடையில் அவன் குடிக்கிற தண்ணீரும், நடக்கிற தெருவும், இராத்திரியில் எரிகிற விளக்கும், கொட்டுகிற குப்பையும், கடைசியில் போய்ச் சேருகிற சுடுகாடும் இந்த ஸ்தல ஸ்தாபனத்தின் கையில்தான் இருக்கின்றன. மேலுலகத்துச் சித்திரகுப்தனைப் பற்றிப் புராணிகர் சொல்லிக்கொள்ளட்டும்; இவ்வுலகத்தில் அந்த வேலையைப் பார்ப்பது பேரூராட்சி ஆபீஸ்தான்.

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். சந்தோஷமே. அந்தக் கோட்டைக்காகச் சண்டையிட்டு 1714இல் மாண்ட தேசிங்கு ராஜனை எந்தக் குடியானவனும் ஓட்டுப் போட்டு ராஜாவாக்கவில்லை. வரி கொடு என்றால் கொடுத்தான். ஓடு என்றால் ஓடினான். அதே செஞ்சிச் சீமையில், நம் அனந்தபுரம் பேரூராட்சியில், இன்று காணிக்காரனுக்கும் ஒரு ஓட்டு. அவன் நிலத்தில் களை எடுக்கிறவளுக்கும் ஒரு ஓட்டு. கோட்டை கட்டியதைவிட இதுவே பெரிய காரியம் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அந்த ஓட்டு அவள் கையில் இருக்கிறதா என்பதுதான் நாம் இன்று பேச வந்த விஷயம்.

2011இல் தெரிந்தெடுக்கப்பட்ட நகர மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்கவேண்டிய தேர்தல் கோர்ட்டு வழக்கில் சிக்கி நின்றது. அதன் பிறகு 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. இடையிலே ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகள் ஆட்சி. ஊர்த் தேர் ஒரு வருஷம் ஓடாவிட்டால் மழை பெய்யாது, மாடு சாகும் என்று கூட்டம் கூட்டுகிறவர்கள், ஊர்மன்றம் ஐந்து வருஷம் இல்லாமற் போனதற்கு ஒரு கூட்டமாவது கூட்டினார்களா? தேர் எதற்கென்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மன்றம் எதற்கென்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இருந்தால் அவனுக்கு நாஸ்திகன் என்று பெயர்!

நிற்க. ஒரு தேர்தல் சமயத்தில் நாம் பிரசாரத்துக்குப் போன ஓர் ஊரில் ஒரு கிழவியைக் கண்டோம். தெருக்குழாயில் தண்ணீர் வந்து பல நாளாயிற்று என்று வயிறெரிந்து சொன்னாள். முன் மன்றத்தில் இருந்தவரையும், தன் கணவன் பிணம் சேற்றில் இறங்கிச் சுடுகாட்டுக்குப் போனதையும் சொல்லித் திட்டினாள். “அப்படியானால் இந்தத் தடவை அவருக்கு ஓட்டுப் போடமாட்டீர்களே, ஆயா?” என்று கேட்டோம். கிழவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“போட்டுத்தான் ஆவணும், தம்பி. ராத்திரி வந்து காசு குடுத்தாங்க. பால் சொம்பு கொண்டாந்து தொடச் சொன்னாங்க. தொட்டுட்டேன். மாத்திப் போட்டா பேரப் புள்ளைக்கு ஆவாதுன்னுட்டாங்க.”

தோழர்களே! காசு கொடுத்தவன் அந்தக் கிழவியின் வறுமையை மட்டுமா விலைக்கு வாங்கினான்? பேரன்மேல் அவள் வைத்திருந்த பாசத்தையும் அல்லவா ஈடாக எழுதி வாங்கிக்கொண்டான்? வட்டிக்கடைக்காரன்கூடப் பாத்திரத்தைத்தான் அடகு கேட்பான். இந்த ஓட்டு வியாபாரி பிள்ளையின் உயிரை அடகு கேட்டான். அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு சாமியையும் கூட்டிவந்தான்.

“தொட்டது நீங்கள், அவர் தொட்டாரா? தண்ணீர் விடுகிறேன், சுடுகாட்டுக்கு ரோட்டுப் போடுகிறேன் என்று அவர் அந்தப் பாலைத் தொட்டுச் சத்தியம் செய்தாரா?” என்று கேட்டோம். கிழவி சற்று யோசித்தாள். “அவரு எதுக்குத் தொடறாரு?” என்றாள்.

இந்த ஒரு பதிலில் நமது தேர்தல்களின் யோக்கியதை முழுவதும் அடங்கியிருக்கிறது. நியாயப்படி யார் யாருக்கு வாக்குக் கொடுக்கவேண்டும்? அபேட்சகர் ஜனங்களுக்கு வாக்குக் கொடுக்கவேண்டும். அதை நிறைவேற்றுவார் என்று நம்பி ஜனங்கள் அவருக்கு வாக்களிக்கவேண்டும். இங்கேயோ கொடுப்பதும் ஏழை, அளிப்பதும் ஏழை. சத்தியத்துக்குப் பயப்படுகிறவனுக்குத் தண்டனை, பயப்படாதவனுக்குப் பதவி. கடவுள் நம்பிக்கையால் யோக்கியம் வளரும் என்கிறார்களே, அந்த நம்பிக்கை இங்கே யாரைக் கட்டிற்று, யாரை அவிழ்த்துவிட்டது என்று ஆஸ்திகத் தோழர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

இரகசிய ஓட்டு என்பது எதற்காக ஏற்பட்டது என்பதை நம் ஜனங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். இங்கிலாந்தில் 1872க்கு முன் பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டர் எல்லோர் முன்னிலையிலும் இன்னாருக்கு என் ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். நகரசபை வார்டுத் தேர்தலிலோ தன் பெயரெழுதிக் கையெழுத்திட்ட சீட்டைக் கொடுக்கவேண்டும். ஜமீன்தாருக்கு எதிராக ஓட்டுக் கொடுத்த குடியானவன் நிலத்தை இழந்தான். முதலாளிக்கு எதிராகக் கொடுத்தவன் வேலையை இழந்தான். இந்த அக்கிரமத்தை ஒழிக்கவே 1872இல் சட்டம் செய்து, பார்லிமெண்டுக்கும் நகரசபைக்கும் சேர்த்து இரகசிய ஓட்டைக் கொண்டுவந்தார்கள். தடுப்புக்குள்ளே ஓட்டர் தனியாய் நிற்கவேண்டும். எந்தப் பிரபுவின் கண்ணும் எட்டக்கூடாது என்பதே அதன் தத்துவம்.

நம் நாட்டிலும் அதே தடுப்புத்தான். ஆனால் வெள்ளைக்காரன் பிரபுவை வெளியே நிறுத்திய இடத்தில், நம்மவன் கடவுளை உள்ளே அனுப்பிவிட்டான்! அபேட்சகர் எட்டிப் பார்க்க முடியாது, ஏஜெண்டு எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் பாலில் தொட்ட சாமி பார்த்துக்கொண்டிருக்கும் என்று அந்தக் கிழவி நடுங்குகிறாள். எங்கும் நிறைந்தவர் என்று புகழப்படுகிற கடவுளை, ஓட்டு வியாபாரிகள் சம்பளமில்லாத ஒற்றனாக ஓட்டுச்சாவடியில் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பக்திமான்கள் இதற்காக நம்மீது கோபித்துக்கொள்வதில் பயனில்லை. தங்கள் சாமியை இந்த ஈன வேலைக்கு அமர்த்தியவர்கள்மீது கோபித்துக்கொள்ளட்டும்.

இது வெறும் நாஸ்திகப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சட்டமும் இதையே சொல்கிறது. 1920இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தேர்தல் குற்றங்களுக்கென்று ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். அதன் 171-சி பிரிவின்படி, ஓட்டரையோ அவருக்கு வேண்டியவரையோ தெய்வ கோபம் பிடிக்கும் என்று நம்பச் செய்வது, அல்லது நம்பச் செய்ய முயல்வது, ஓட்டுரிமையில் தலையிடும் குற்றம். 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் அமுலில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 171ஆம் பிரிவாக அது அப்படியே இருக்கிறது. ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். “மாத்திப் போட்டா பேரனுக்கு ஆவாது” என்று சொன்னவன் அந்த இடத்திலேயே குற்றவாளி ஆகிவிட்டான். நூறு வருஷத்துக்கு மேலாக இந்தச் சட்டம் இருந்தும், அந்தக் கிழவியிடம் இதைச் சொன்னவர் யார்?

மற்ற மதக்காரர்கள் இதில் யோக்கியர்கள் என்றும் நாம் சொல்லவரவில்லை. 1892இல் அயர்லாந்து நாட்டு மீத் ஜில்லாவில், பாதிரிமார்கள் மோட்சத்தையும் பாவத்தையும் காட்டி ஓட்டர்களை மிரட்டினார்கள் என்று நிரூபிக்கப்பட்டு, இரண்டு தொகுதிகளின் தேர்தலையும் கோர்ட்டு செல்லாதாக்கிற்று. லண்டன் நகரத்தில் டவர் ஹாம்லெட்ஸ் என்ற பகுதியின் 2014ஆம் வருஷத்து மேயர் தேர்தலை 2015 ஏப்ரலில் தேர்தல் கோர்ட்டு செல்லாதென்றது. அதில் கண்ட பல குற்றங்களுள் ஒன்று, இமாம்களும் மத அறிஞர்களுமாக 101 பேர் கையெழுத்திட்டு, இன்னாருக்கு ஓட்டளிப்பதே மதக் கடமை என்னும்படி வெளியிட்ட கடிதம். அந்த மேயரே தடைக்காலம் கழிந்து 2022இல் ஓட்டர்களால் மறுபடியும் தெரிந்தெடுக்கப்பட்டார் என்பது வேறு விஷயம். எந்த மதமானாலும், ஓட்டுப் பெட்டிக்கும் மனிதனுக்கும் நடுவில் கடவுளைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது திருட்டுக்கே உதவும் என்பதற்கு இவை அத்தாட்சி.

நம் பக்கத்திலோ ஓட்டையே கோயிலில் வைத்துத் தீர்த்துவிடுகிறார்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் முதலிய 9 ஜில்லாக்களில் ஊராட்சித் தேர்தல் நடந்த சமயம், செஞ்சி வட்டாரத்திலேயே ஓர் ஊராட்சித் தலைவர் பதவி கோயிலில் ஏலம் போயிற்று என்று பத்திரிகைகளில் வந்தது. ஏலப் பணம் கோயில் திருப்பணிக்கு என்றால் ஊர் வாய் அடைந்துவிடுகிறது. கோபுரத்துக்கு வர்ணம் பூசப் பணம் கொடுத்து நாற்காலி வாங்கியவன், அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க எங்கே போவான்? குழாயிலும், கல்வெர்ட்டிலும், விளக்குக் கம்பத்திலுமே எடுப்பான்.

ஏலத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் மூல காரணம் ஜாதி என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் 2006 வரை தேர்தலையே ஒழுங்காக நடக்கவிடவில்லை. மேலவளவில் தெரிந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30ஆம் தேதி பஸ்ஸை மறித்துப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதற்கு அறுபது வருஷம் முன்பே, கிருஷ்ண மேனன் லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நகரசபையில் 1934 முதல் 1947 வரை கவுன்சிலராக இருந்து நூல்நிலைய வேலை பார்த்தார். நம்மை அடிமையாய் வைத்திருந்தவன் ஊரில் நம்மவன் நாற்காலியில் உட்கார முடிந்தது. பிறந்த ஊரில் முருகேசனால் உட்கார முடியவில்லை. இன்றும் செஞ்சி வட்டாரத்துப் பையன் ஒருவன் இங்கிலாந்துக்குப் போய்ச் சட்டப்படி குடியிருந்தால், காமன்வெல்த் நாட்டான் என்ற முறையில் அங்கே வார்டுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். இங்கிலாந்து சொர்க்கமல்ல, அங்கே பல வருஷங்களில் வார்டுத் தேர்தலுக்கு மூன்றிலொரு பங்கு ஓட்டர்களே வருகிறார்கள். ஆனால் வருகிறவனை எந்தத் தெருவில் பிறந்தாய் என்று கேட்பதில்லை.

மறுபடியும் கிழவியிடம் வருவோம். “வாங்கின காசுக்கு என்ன செய்றது, தம்பி? சொன்ன சொல்லு மாறலாமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வாங்கியது தப்பு, சட்டத்தில் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் குற்றம். இதை மறைத்துச் சொல்ல நாம் தயாராயில்லை. ஆனால் ஒரு தப்புக்காகச் செய்த சத்தியம் மற்றொரு தப்பைச் செய்யும்படி யாரையும் கட்டாது. இரகசிய ஓட்டு பிறந்த அதே 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவும், சட்டவிரோதமான நோக்கத்துக்குச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்றே சொல்கிறது. சொல் மாறக்கூடாது என்பது நல்ல குணந்தான். அந்த நல்ல குணம் கொலைகாரனுக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கிறேன் என்ற சொல்லுக்கும் பொருந்துமா?

கணக்கையும் பாருங்கள். ஓட்டுக்கு 2000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்துக்கு 1826 நாள். நாளொன்றுக்கு ஒரு ரூபாய் பத்துக் காசுகூடத் தேறவில்லை. அதற்காக ஐந்து வருஷத் தண்ணீரையும், வெளிச்சத்தையும், கேள்வி கேட்கிற வாயையும் விற்றுவிடுவதா? வாங்காதவனுக்கோ 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு எழுதி, எங்கள் வார்டுக் குழாய்க்கு எவ்வளவு செலவாயிற்று, யார் கண்டிராக்டர் என்று கேட்டால், 30 நாளில் பதில் சொல்லியாகவேண்டும். சாமி கேட்காத கணக்கை அந்த மனு கேட்கும்.

பெரியார் அவர்கள் இயக்கம் தொடங்குமுன் ஈரோட்டு நகரசபைத் தலைவராயிருந்து 1919இல் அதைத் துறந்து வந்தவர். சாக்கடையைச் சுத்தம் செய்வதும், மூளையைச் சுத்தம் செய்வதும் ஒரே வேலையின் இரண்டு பாகம் என்பதை நம் தோழர்கள் மறக்கக்கூடாது. 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களுக்குச் சட்டம் கொடுத்த ஆயுள் ஐந்தே வருஷம். பால் சொம்பு மறுபடியும் வரும். அதற்கு முன்னதாகவே ஒவ்வொரு தெருவிலும் 171ஆம் பிரிவைப் படித்துச் சொல்லுங்கள். முக்கியமாய்ப் பெண்களிடமும் கிழவிகளிடமும் சொல்லுங்கள். பிள்ளைகளைக் காட்டி மிரட்டப்படுகிறவர்கள் அவர்களே.

அப்படியும் பால் சொம்போடு இராத்திரியில் எவராவது வந்தால், அவருடன் சண்டைக்குப் போகவேண்டாம். “முதலில் நீர் தொடும். தண்ணீர் விடுவேன், விளக்குப் போடுவேன், காசு திருடமாட்டேன், தவறினால் என் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லித் தொடும்” என்று மாத்திரம் சொல்லுங்கள். அந்தப் பாலை அவர் காய்ச்சிக் குடிக்க எடுத்துக்கொண்டு போகிறாரா, தொடுகிறாரா என்று பார்க்கலாம்.