பேராதனையில் இருப்பதா, இடம் மாறுவதா? கலகெதரப் பக்கமிருந்து ஒரு பார்வை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்து, வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்ட பின்னர் வடக்கு, கிழக்கின் பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. பிள்ளைக்குப் பேராதனை கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா? அனுப்பிய வீடுகளில் சில மாதங்களுக்குள் இன்னொரு கேள்வி வருகிறது. பகிடிவதை தாங்க முடியவில்லை, விரிவுரை விளங்கவில்லை, விடுதி கிடைக்கவில்லை, யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ மாற்றிக்கொண்டு வரலாமா என்று பிள்ளை தொலைபேசியில் கேட்கிறது.

இதைக் குடும்பத்துக்குள் பேசி முடிக்கும் விடயமாகவே நாம் கருதி வருகிறோம். ஆனால் ஈழத்தமிழருக்கு இந்தக் கேள்வியின் பின்னால் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை நாம் எப்போதும் வடக்கிலிருந்தே சொல்லிவந்திருக்கிறோம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருணாகல் போகும் வீதியில் உள்ள கலகெதரவில் நின்று பார்த்தால் அதே கேள்வி வேறுவிதமாகத் தெரிகிறது.

மாற்றம் ஒரு போராட்டமான காலம்

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. தமிழ்ப் புலமையின் ஒரு பெரிய மையமாகவும் அது இருந்தது. பேராசிரியர் சு.வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தது அங்குதான். பேராசிரியர் க.கைலாசபதி படித்ததும் அங்குதான். 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகக் கைலாசபதி வந்தார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். பேராதனை வளர்த்த மனிதர்களே யாழ்ப்பாணத்தைக் கட்டினார்கள். அப்போது இடம் மாறுவது என்பது ஒரு பணியின் தொடர்ச்சியாகவே பார்க்கப்பட்டது.

வன்முறை அந்தப் பொருளை மாற்றியது. 1977 ஆகஸ்டில் நாடெங்கும் கலவரம் பரவியபோது யாழ்ப்பாண வளாகத்திலிருந்த சிங்கள மாணவர்கள் தெற்குக்குச் சென்றார்கள். 1983 மே மாதத்தில் பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு வெளியேறினார்கள். இரண்டு மாதங்களில் கறுப்பு ஜூலை வந்தது. தென்பகுதிப் பல்கலைக்கழகங்களில் படித்த தமிழ் மாணவர்கள் பாதியில் விட்ட படிப்போடு ஊரில் நின்றார்கள். தம்மை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றவேண்டும் என்று அவர்கள் கோரினார்கள். அந்தக் கோரிக்கை 1984 ஜனவரியில் யாழ். வளாகத்தில் சாகும்வரை உண்ணாவிரதமாக மாறியது. உண்ணாவிரதிகளின் உயிருக்கு ஆபத்து ஏற்பட்ட கட்டத்தில் விடுதலைப் புலிகள் அவர்களை அங்கிருந்து கொண்டுசென்றார்கள். அவர்களுள் ஒருவர் பின்னர் பிரபாகரனின் மனைவியான மதிவதனி என்பதை வாசகர்கள் அறிவார்கள். படிப்பைத் தொடர இன்னொரு வளாகத்தில் இடம் வேண்டும் என்ற கோரிக்கை சில நாட்களுக்குள் போரின் வரலாற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. அரசாங்கம் ஒரு நிர்வாகக் கோரிக்கையை நிர்வாகமாகவே தீர்த்திருந்தால் அந்த இளைஞர், யுவதிகளின் வழி வேறாக இருந்திருக்கவும் கூடும்.

போவதற்கு இடம் இருந்ததா?

அந்தக் கோரிக்கைக்குள் இன்னொரு சிக்கல் இருந்தது. அன்றைய யாழ். பல்கலைக்கழகத்தில் கலை, விஞ்ஞானம், மருத்துவம் இருந்தன. பொறியியல் பீடம் இல்லை. விவசாய பீடமும் இல்லை. பல் மருத்துவமும் மிருக வைத்தியமும் நீண்டகாலம் நாட்டிலேயே பேராதனையில் மட்டும்தான். கலை மாணவருக்கு மாற்றம் சாத்தியம். பொறியியல் மாணவருக்கோ மாற்றம் என்றால் படிப்பையே விடுவது, அல்லது நாட்டை விடுவது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பலருடைய பேராதனைக் காலம் இப்படித்தான் பாதியில் நின்றது.

யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல்தான் உருவானது. பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் வருவதற்கு இன்னும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆனது. வவுனியா 2021 ஆகஸ்டில்தான் தனிப் பல்கலைக்கழகமானது. எங்கள் பகுதியிலும் ஒரு பீடம் என்பது வெறும் கட்டடமன்று. அது இருக்கும்போதுதான் மாணவருக்குத் தெரிவு என்ற ஒன்று இருக்கிறது.

சொந்தப் பகுதியின் பல்கலைக்கழகம் எல்லோரையும் காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பும் அறுந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணமே வெறுமையானது. மறுபுறம், பேராதனையில் சிங்கள மாணவர்களும் பாதுகாப்பாக இருக்கவில்லை. ஜேவிபி கிளர்ச்சி நசுக்கப்பட்ட 1989இல் அந்த வளாகத்தின் அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட தலைகள் வைக்கப்பட்டன. இந்த நாட்டின் எந்தப் பல்கலைக்கழகமும் ஏதோ ஒரு ஆண்டில் தன் மாணவர்களைக் கைவிட்டிருக்கிறது.

கலகெதரக்காரருக்குத் திரும்பிப் போக எது ஊர்?

வடக்கு மாணவர் பேராதனையை விட்டுப் போகலாமா என்று யோசிக்கும்போது, அவருக்குப் போவதற்கு ஓர் ஊர் இருக்கிறது. கலகெதரவிலிருந்து பேராதனை சுமார் 20 கிலோமீற்றர். இங்குள்ள தமிழ் பேசும் பிள்ளைக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகமே அதுதான்.

கலகெதரவில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகள் என்றால் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள். ஜப்பார் மத்திய கல்லூரி இந்தப் பகுதியில் பலரும் அறிந்த பாடசாலை. கண்டி மாவட்டத்தின் தோட்டங்களில் மலையகத் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, அவர்கள் எங்கே மாற்றம் கேட்பது? 1983இல் வடக்கு மாணவர்கள் புறப்பட்ட பின்னரும் கண்டியின் தோட்டங்களிலும் கடைவீதிகளிலும் இருந்த தமிழர் பலர் அங்கேயேதான் இருந்தார்கள். அவர்களுடைய இருப்பைப் பற்றி நம் போர் வரலாறு மிகக் குறைவாகவே பேசியிருக்கிறது.

எல்லோரும் இருந்துவிடவில்லை என்பதும் உண்மை. 1977 கலவரத்துக்குப் பின்னர் மலையகத்திலிருந்து பெருந்தொகையான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குப் போய்க் குடியேறின. பாதுகாப்பான இடம் என்று நம்பிப் போனார்கள். 2009இல் அந்தப் பாதுகாப்பு எப்படி முடிந்தது என்பதை இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து இன்று பேராதனைக்கு வரும் சில மாணவர்கள், தாத்தா பாட்டி விட்டுப்போன மலைப்பக்கத்துக்கே திரும்பி வருகிறார்கள்.

இங்கே அனுமதி முறையின் ஒரு முரண்பாடு வெளிப்படுகிறது. அரச பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில் நிரப்பப்படுகிறது. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கேற்ப ஒதுக்கப்படுகிறது. 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகச் செல்கிறது. (கலைத்துறை அனுமதி இதற்குள் அடங்காது.) அந்த 16இல் வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களும் உண்டு. நுவரெலியாவும் பதுளையும் உண்டு. கண்டி இல்லை. கண்டி நகரின் முன்னணிப் பாடசாலைகளின் புள்ளிகள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை உயர்த்துகின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தமிழ்மொழி ஆசிரியர் போதாத தோட்டப் பாடசாலையின் பிள்ளையும் அதே வெட்டுப்புள்ளியைத்தான் தாண்டவேண்டும்.

1970களில் தரப்படுத்தலை எதிர்த்து எழுந்த சமூகத்தின் பிள்ளைகள், குறிப்பாக வன்னிப் பிள்ளைகள், இன்று மாவட்ட ஒதுக்கீட்டினால் பயனடைகிறார்கள். போர் தின்ற பாடசாலைகளிலிருந்து வந்தவர்களுக்கு அது நியாயமானதும்கூட. ஆனால் அதே முறை கலகெதரப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளையை, தன் வீட்டுக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகத்திலிருந்து தூரத்தில் நிறுத்துகிறது. மாவட்டத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் பாடசாலையின் நிலையையும் பார்க்கும் ஒதுக்கீடு வேண்டும் என்று மலையகத் தரப்பு கேட்பதை வடக்கும் சேர்ந்து கேட்கவேண்டும்.

இன்று மாற்றம் கேட்பவர் எதை எதிர்கொள்கிறார்?

அமெரிக்காவில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகள் ஓரிடத்தில் படித்து, பெற்ற பாடப்புள்ளிகளோடு இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போவது சாதாரணம். நம் நாட்டில் அப்படியில்லை. அனுமதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மையமாக வழங்குகிறது. விண்ணப்பத்தில் மாணவர் எழுதிய விருப்ப ஒழுங்கில், அவருடைய இசட் புள்ளி எட்டும் முதல் இடமே கிடைக்கும். பதிவு செய்த பின் இடம் மாறுவது இரு பல்கலைக்கழகங்களும் ஆணைக்குழுவும் சம்பந்தப்பட்ட, தக்க காரணம் காட்டவேண்டிய நடைமுறை. ஒரே கற்கைநெறி இரண்டு இடத்திலும் இருந்தால்தான் பேச்சுக்கே இடம்.

ஆகவே உண்மையான முடிவு எடுக்கும் நாள் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் நாள்தான். ரியூசன் ஆசிரியர் சொன்னார், அயல்வீட்டு அண்ணா போட்டார் என்று விருப்ப ஒழுங்கை எழுதிவிட்டு, பிறகு மாற்றத்துக்கு அலைவதில் ஓராண்டு போய்விடுகிறது. அந்தப் படிவத்தை வீட்டார் எல்லோரும் இருந்து, எந்தப் பீடம், எந்த ஊர், எவ்வளவு செலவு என்று பேசி நிரப்பவேண்டும்.

பதிவு செய்த பின் மாற நினைப்பவர், எதிலிருந்து விலக விரும்புகிறார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பகிடிவதையென்றால், அதற்கு இனம் மட்டும் காரணமில்லை. 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் பின் உயிரிழந்தார். மறு ஆண்டு பகிடிவதைத் தடைச்சட்டம் வந்தது, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். இருந்தும் வதை நிற்கவில்லை. தமிழ் மாணவரை வதைப்பவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசும் மூத்த மாணவர்களே. யாழ்ப்பாணத்திலும் பகிடிவதைக்காக மாணவர்கள் வகுப்புத்தடைக்கு உள்ளான செய்திகளை வாசித்திருக்கிறோம். இடம் மாறுவதால் மட்டும் இது தீராது. சட்டப்படி முறையிடுவதும், முறையிட்டவரைத் 'துரோகி' என்று ஒதுக்காத சக மாணவர்களும்தான் தீர்வு.

சிக்கல் மொழியென்றால், விஞ்ஞான, பொறியியல் பீடங்களில் எங்கு போனாலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். முதலாம் ஆண்டின் திணறல் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் குறைகிறது. சிக்கல் பணமென்றால் கணக்கு வேறு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல உதவி 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. கண்டியில் அறை வாடகையும் சாப்பாடும் பஸ் கட்டணமும் சேர்ந்தால் அது போதாது. போரில் உழைப்பவரை இழந்து தாய் மட்டும் தாங்கும் குடும்பத்தில் பிள்ளை வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடத்துக்கு மாற நினைத்தால் அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக்கூடாது. நோயோ மனச்சோர்வோ என்றால் இன்னும் தெளிவு. மாற்றம் கிடைக்கும்வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும்.

பயம் என்றால்? அதை இல்லையென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. 2016 ஜூலையில் யாழ். விஞ்ஞான பீடத்தில் வரவேற்பு நிகழ்வில் கண்டிய நடனம் தொடர்பாக எழுந்த மோதலுக்குப் பிறகு சிங்கள மாணவர்கள் வீடுகளுக்குத் திரும்பினார்கள். அன்று அந்தப் பெற்றோரின் மனநிலை, 1983இல் நம் பெற்றோரின் மனநிலையிலிருந்து அதிகம் வேறுபட்டிருக்காது. நம் பிள்ளை பேராதனையில் அச்சமின்றி இருக்கவேண்டும் என்று கேட்கும் நாம், அவர்கள் பிள்ளை திருநெல்வேலியில் அச்சமின்றி இருப்பதற்கும் பொறுப்பேற்கவேண்டும்.

யாருடைய பொறுப்பு?

தமிழ் மாணவர் பேராதனையில் இருப்பது சமூகக் கடமை என்று பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்துவது அநியாயம். போனால் தோல்வி என்பதும் அப்படியே. ஆனால் வடக்கு, கிழக்கு மாணவர்கள் படிப்படியாகத் தமக்குள் ஒதுங்கிக்கொண்டால், பேராதனையில் தமிழில் படிக்கவும் முறையிடவும் ஒரு சங்கம் அமைக்கவும் ஆளில்லாமல் போகும். அந்த இழப்பு முதலில் கலகெதரவிலும் கண்டித் தோட்டங்களிலும் உள்ள பிள்ளைகளுக்குத்தான்.

இருப்பதைச் சாத்தியமாக்குவது நிறுவனத்தின் வேலை. தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்குத் தமிழில் பதில் வரவேண்டும். தமிழ் பேசும் மாணவ ஆலோசகர்கள் பெயரளவில் இல்லாமல் நேரில் கிடைக்கவேண்டும். தூர மாவட்ட மாணவருக்கு முதலாம் ஆண்டு விடுதி உறுதியாகவேண்டும். மாற்றம் கேட்கும் விண்ணப்பத்துக்கு ஒரு காலவரையறைக்குள், காரணத்தோடு பதில் தரவேண்டும். 1984இல் யாரும் செய்யாத வேலை அதுதான்.

விரும்பினால் போகலாம் என்ற நிலை இருக்கும்போதுதான் ஒருவர் தங்கியிருப்பதைத் தெரிவு என்று சொல்லலாம். பயமின்றி இருக்கலாம் என்ற நிலை இருக்கும்போதுதான் போவதையும் அப்படிச் சொல்லலாம். 1983இல் இந்த இரண்டும் நமக்கு இருக்கவில்லை. இன்று இரண்டும் பாதியளவில் இருக்கின்றன. மீதிப் பாதியைக் கேட்கும்போது, திரும்பிப் போக வேறு ஊர் இல்லாத கண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும் சேர்த்தே கேட்போம்.