தமிழ் தலைவாஸ்: பெயரும் மண்ணும்

2022 டிசம்பர் 15 அன்று இரவு, கோம்பைக் கடைத்தெருவின் தேநீர்க் கடை ஒன்றில் நின்றபடியே புரோ கபடி அரையிறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மும்பையில் தமிழ் தலைவாஸ் அணி புனேரி பல்தான் அணியோடு மோதிக்கொண்டிருந்தது. நான்கு பருவங்கள் காத்திருந்து, ஐந்தாவதில்தான் தலைவாஸ் அணிக்கு அரையிறுதி வாய்த்திருந்தது. கடைக்குள்ளும் வெளியிலும் நல்ல கூட்டம். ஆட்டம் சூடுபிடித்த வேளையில், பெஞ்சில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஏப்பா, இதுல நம்ம பக்கத்துப் பய யாரு?"

ஓரிரு பெயர்களைத் தேடிப்பிடித்துச் சொன்னோம். அவருக்கு நிறைவில்லை. எங்களுக்கும் இல்லை. 39-37 என்று இரண்டே புள்ளிகளில் நம் அணி தோற்றது. தோல்வி இரண்டு நாட்களில் மறந்துபோயிற்று. பெரியவரின் கேள்வி மறக்கவில்லை. இந்த அணியின் சிறு வரலாற்றை அந்தக் கேள்வியின் துணையோடு ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

புரோ கபடி லீக் 2014 ஜூலையில் 8 அணிகளோடு தொடங்கியபோது தமிழகத்துக்கென ஓர் அணி இருக்கவில்லை. கைப்பிடி என்பதே கபடி ஆயிற்று என்று மேடைதோறும் பெருமை பேசும் நமக்கு அது உறுத்தலாகத்தான் இருந்தது. 2017-ல் லீக் 12 அணிகளாக விரிந்தபோது சென்னையைத் தளமாகக் கொண்டு தமிழ் தலைவாஸ் பிறந்தது. உரிமையாளர்களுள் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். விளம்பரத் தூதுவர் கமல்ஹாசன். முதல் ஆட்டம் 2017 ஜூலை 28, ஹைதராபாத்தில், தெலுகு டைட்டன்ஸுக்கு எதிராக. 27-32 எனத் தோல்வி.

பெயரையும் சற்றுக் கவனிக்க வேண்டும். 'தலைவர்கள்' என்று வைக்கவில்லை. 'தலைவா' என்ற விளியோடு ஆங்கிலப் பன்மையின் 'ஸ்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரையரங்க வாசலில் எழும் கூச்சல் அப்படியே அணியின் பெயராகிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மக்கள் வாயில் புழங்கும் சொல்தான். ஆனால் அதற்கு முன்னால் 'தமிழ்' என்ற சொல்லும் நிற்கிறது. பிற அணிகள் பெரும்பாலும் ஊர் அல்லது மாநிலத்தின் பெயரைச் சூடிக்கொள்ள, இதுவும் தெலுகு டைட்டன்ஸும் மொழியின் பெயரைச் சூடிக்கொண்டன. மொழியின் பெயரைச் சூடும் அணிக்குக் கடன் கொஞ்சம் கூடுதல்.

முதல் மூன்று பருவங்களிலும் இமாசலப் பிரதேசத்தின் அஜய் தாக்கூர் அணித்தலைவராக இருந்தார். 2016 உலகக் கோப்பையில் இந்தியாவின் நாயகர்களுள் ஒருவர். சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கம் அவரைத் தன் பிள்ளையாகவே கொண்டாடியது. ஆயினும் 2017-லும் 2018-லும் அணி தன் பிரிவில் கடைசி. 2019-ல் ராகுல் சௌத்ரியும் சேர்ந்தார். 12 அணிகளில் 12ஆம் இடமே கிடைத்தது. புகழ்பெற்ற பெயர்களை வாங்கிச் சேர்த்தால் அணி உருவாகிவிடும் என்ற எண்ணம் மூன்று முறை பொய்த்தது.

2022-ல் அதே எண்ணம் இன்னும் பெரிய தொகையோடு திரும்பி வந்தது. பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். லீக் அதுவரை கண்டிராத விலை. முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். பருவமே முடிந்தது என்று நாங்களும் எழுதிவைத்துவிட்டோம். ஆனால் நரேந்தர் என்ற அறிமுக ஆட்டக்காரர் அந்தப் பருவத்தில் 243 ரைடு புள்ளிகளைக் குவித்தார். சாகர், சாஹில் போன்ற இளைஞர்கள் பிடியில் உறுதியாக நின்றார்கள். விலை உயர்ந்தவர் இல்லாத பருவத்தில்தான் தலைவாஸ் ஓர் அணியாக ஆடியது. அணியின் வரலாற்றில் நாம் படிக்கவேண்டிய பக்கம் இதுதான். அது படிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த இரு பருவங்களிலும் பிளே ஆஃப் எட்டவில்லை. 2025-ல் பவன் தலைவராகவே திரும்பி வந்தார்; பருவம் முடியும் முன்பே அணியில் இல்லாமல் போனார்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. தலைவாஸ் பிறக்கும் முன்பே தமிழர்கள் இந்த லீக்கை வென்றிருக்கிறார்கள், வேறு ஊர்களின் சட்டையை அணிந்து. 2014-ல் முதல் கோப்பையை வென்ற ஜெய்ப்பூர் அணியின் பயிற்சியாளர் நம் கே. பாஸ்கரன். 2016-ல் பாட்னா கோப்பை வென்றபோது அணித்தலைவர் தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியின் தர்மராஜ் சேரலாதன். அப்போது அவர் வயது நாற்பதைக் கடந்திருந்தது. பாஸ்கரன் 2017-ல் தலைவாஸின் முதல் பயிற்சியாளரானார். சேரலாதனும் 2024-ல் பயிற்சிக் குழுவுக்கு வந்தார். அதற்கும் முன்னே, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் மணத்தி கணேசன் இருந்தார். 2025-ல் மாரி செல்வராஜின் 'பைசன்' வந்த பிறகுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரியவந்தது. ஆள் இல்லாமல் இல்லை. ஆளைக் கண்டெடுக்கும் கண்ணும் வளர்த்தெடுக்கும் பொறுமையும் இல்லை.

நாங்கள் 'மண்ணின் மைந்தர்கள் மட்டுமே' என்று கொடி பிடிக்கவில்லை. தொழில்முறை விளையாட்டில் ஆட்கள் ஊர்விட்டு ஊர் போவது இயல்பு. சேரலாதனைப் பாட்னா ஏற்றது போலவே நரேந்தரை நாம் ஏற்கிறோம். அரியானா இளைஞன் தமிழ்ச் சட்டையில் மூச்சடக்கி ஓடுவதைப் பார்த்து நெகிழாதவர் கபடி ரசிகர் அல்லர். அரியானா ஏன் இத்தனை பேரைத் தருகிறது, நாம் ஏன் தரவில்லை என்பதுதான் கேள்வி.

கோம்பை போன்ற ஊர்களில் பொங்கலை ஒட்டி மின்னொளிக் கபடி நடக்கும். அறுவடை முடிந்த வயலிலோ பள்ளித் திடலிலோ மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, நீர் தெளித்துக் களம் அமைப்பார்கள். மேற்கே மலை இருட்டில் நிற்க, குழல் விளக்குகளின் கீழ் வெறுங்காலோடு ஆடுவார்கள். சுழற்கோப்பை, சிறிது பணம், ஒலிபெருக்கியில் பெயர், அவ்வளவே. அங்கே சிறந்து ஆடும் பையனை ரப்பர் விரிப்பில் காலணியோடு இறக்கினால் கால் வேறுவிதமாகப் பிடிக்கும். திரும்பும் வேகமும் விழும் விதமும் மாறும். சடுகுடுவில் மூச்சுதான் கடிகாரம். பாடிப்போனவனின் பாட்டு அறுந்தால் கதை முடிந்தது. விரிப்பின் மேல் கடிகாரம் 30 வினாடி எண்ணுகிறது. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டும். இரண்டும் ஒரே விளையாட்டு என்றாலும் இடையில் ஓர் ஆறு ஓடுகிறது. அதைக் கடக்கப் பாலம் வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு விரிப்பு, அதை அறிந்த ஒரு பயிற்சியாளர், அடிபட்டால் பார்க்க ஒரு மருத்துவர். ஒரு நட்சத்திரத்தின் ஓராண்டு ஏலத்தொகையில் எத்தனை பாலங்கள் கட்டலாம் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். 2016-ல் மூன்று அணிகளோடு பெண்களுக்கான போட்டி ஒன்றை லீக் நடத்திப் பார்த்தது, அத்தோடு விட்டுவிட்டது. 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். அவரைப் போன்றவர்கள் அணிந்துகொள்ள ஒரு 'தலைவாஸ்' சட்டை இன்னும் தைக்கப்படவில்லை.

இலக்கியம் பேசும் நாமும் தப்பமுடியாது. ஏறுதழுவலுக்கு, நம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில் பிறந்த சி.சு. செல்லப்பா 'வாடிவாசல்' தந்தார். அப்படி எல்லோர் நினைவிலும் நிற்கும் நாவல் ஒன்று சடுகுடுவுக்கு வாய்க்கவில்லை. சினிமா முந்திக்கொண்டது, 2009-ல் 'வெண்ணிலா கபடி குழு' வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் தனியாகப் போய்த் திரும்புவதைவிட ஒரு கதைக்கு வேறு என்ன வேண்டும்? நாம் எழுதவில்லை, எழுதாததால் அந்த ஆட்டக்காரர்கள் நம் கண்ணில் படவும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்குக் கோம்பை என்றால் நாய்தான் நினைவுக்கு வரும். பிடித்தால் விடாது என்பார்கள். பெரியவரின் கேள்வியும் அப்படித்தான் எங்களைப் பிடித்திருக்கிறது. தலைவாஸ் ஒருநாள் கோப்பையை வெல்லலாம். வெல்லட்டும், நாங்களும் கைதட்டுவோம். ஆனால் அன்றைக்கும் அந்தப் பெஞ்சில் அமர்ந்து ஒருவர் "நம்ம பக்கத்துப் பய யாரு?" என்று கேட்பார். அப்போது தயங்காமல் ஒரு பெயரையும் ஓர் ஊரையும் சொல்ல முடியவேண்டும். அதுவரை அணியின் பெயரில் இருக்கும் 'தமிழ்' நாம் இன்னும் அடைக்காத கடன்தான்.