பழைய அச்சுப்பொறியும் புதிய கணினியும்

ஹவுராவின் பெலிலியஸ் சாலையை ஒட்டிய பட்டறைகளில் கடைசல் இயந்திரங்களின் இரைச்சலுக்கிடையே டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியின் கிறீச்சொலியும் கலந்திருக்கிறது. நியூயார்க் நகரத் தெருக்களில் கிடக்கும் சாக்கடை மூடிகள் பலவற்றை வார்த்தளித்த ஊர் இது. இங்குள்ள சிறு தொழில் முனைவோர் அப்பொறியைக் கைவிடாதிருப்பதைப் பழமைப் பற்று என்று நாம் கருதவில்லை. சரக்கு விற்பனைக்கு விலைப்பட்டியல் மூன்று படிகளில் வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 48: வாங்குபவருக்கு ஒன்று, சரக்கை ஏற்றிச் செல்பவருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று. (ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டி மின்விலைப்பட்டியல் முறைக்குள் வந்தவர்களுக்கு இந்நிபந்தனை இல்லை.) ஊசிகள் ரிப்பனின் மீது அடித்து எழுதுவதால், கார்பன் வைத்த மூன்று தாள்களும் ஒரே ஓட்டத்தில் பதிவாகிவிடுகின்றன. லேசர் பொறியால் இது இயலாது. வங்கிக் கிளைகளில் பாஸ்புக் அச்சிடும் பொறியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

சிக்கல் கணினியில் தொடங்குகிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. புதிய கணினிகளில் பழைய பேரலல் போர்ட் இருப்பதில்லை. டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருளோ எல்பிடி1 என்ற வாயிலைத் தவிர வேறெதையும் அறியாது. ஆகவே பலர் அச்சுப்பொறிக்காகவே பழைய கணினியை வைத்துக்கொண்டிருக்கின்றனர். அதே கணினியில் இணைய வங்கிக் கணக்கையும் திறக்கின்றனர்! நமது ஆட்சேபம் இதில்தான். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கணினியில் கடவுச்சொல்லைத் தட்டுவது, கல்லாப்பெட்டியின் சாவியை வாசற்படியில் வைப்பதற்கு ஒப்பாகும்.

பொறியை வீச வேண்டியதில்லை. இவ்வகைப் பொறிகளுள் பெரும்பாலானவை எப்சன் நிறுவனம் வகுத்த இஎஸ்சி/பி கட்டளைகளைப் புரிந்துகொள்பவை. தயாரித்த நிறுவனத்தின் டிரைவர் கிடைக்காவிடில் எப்சன் டிரைவரையோ, விண்டோஸுடன் வரும் ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரையோ நிறுவிப் பார்க்கலாம். யுஎஸ்பி மாற்றுக் கம்பியில் இணைத்த பொறி எல்பிடி1 என்ற பெயரில் தோன்றாது. அதைக் கணினியில் ‘ஷேர்’ செய்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1 உடன் பிணைக்க வேண்டும். 16 பிட் டாஸ் நிரலாயின் 64 பிட் விண்டோஸில் இயங்கவே இயங்காது. அதற்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற மென்பொருளின் துணை தேவை. 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீடு அதற்கு முந்தைய பொறிகளின் எழுத்துருவில் இல்லை. அவ்விடத்தில் வேறேதேனும் குறி விழுந்தால், பொறி பழுதென்று எண்ணிப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டாம்.

இத்தனைக்கும் இணங்காத பொறியும் உண்டு. அப்போது பழைய கணினி பட்டியல் அடிப்பதற்கு மட்டும் இருக்கட்டும். அதன் இணைய இணைப்பை அகற்றிவிட்டு, வங்கிப் பணிகளை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ செய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்.