வெண்புள்ளி யாருடைய நோய்?

ஒவ்வொரு நோயையும் ஒரு நாட்டுக்கோ இனத்துக்கோ உரிமையாக்கிப் பேசுவது நம்மவர் பலரின் வழக்கம். சென்ற மாதம் எமது ஆசிரியர் அறையில் ஒரு கலியாணப் பேச்சு அடிபட்டது. சாதகம் பொருந்தியிருந்தது, பெண்ணையும் பிடித்திருந்தது. பெண்ணின் தம்பிக்கு உதட்டோரத்தில் வெண்புள்ளி இருப்பதைக் கண்டதும் மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டனர். "வெண்குட்டம் எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஓடும் வியாதி, வெள்ளைக்காரனுக்கு எங்கே வருகிறது?" என்றார், நன்கு கற்ற நண்பர் ஒருவர். அன்று நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இதனை எழுத வைத்தது.

போல்டிக் கடலிலுள்ள போர்ண்ஹோம், டென்மார்க்குக்கு உரிய சிறு தீவு. அத்தீவு மக்களை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட கணக்கின்படி, வெண்புள்ளி உடையோர் நூற்றுக்கு 0.38 பேர். கல்கத்தாவில் நடந்த ஆய்வு 1985இல் வெளிவந்தது, அங்கே 0.46. ஆயிரம் பேரைக் கூட்டினால் அங்கும் நால்வர், இங்கும் நால்வர் அல்லது ஐவர். வெளிறிய மேனியர் வாழும் தீவுக்கும் வங்கத்து மாநகருக்கும் இடையிலுள்ள வேற்றுமை இவ்வளவே!

குஜராத், இராஜஸ்தான் பகுதிகளில் நூற்றுக்கு 8.8 வரை உண்டென எழுதியோரும் உளர். இரசாயனப் பொருள் பட்டுத் தோல் வெளுத்தவர்களையும் அதிற் சேர்த்து எண்ணிவிட்டனர் என்று பின்வந்தோர் சுட்டிக்காட்டினர். வைத்தியசாலைக்கு வருவோரை மட்டும் எண்ணினாலும் தொகை பெருகும். வெண்புள்ளி எவருக்குத் துன்பமோ அவரன்றோ அங்கே வருவார்? கரிய மேனியில் அது தொலைவிலிருந்தே தெரியும். வெளிறிய மேனியிலோ, கோடை வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுக்கும்போதுதான் பலருக்குப் புலப்படும். நம்மிடம் மிகுதியாக இருப்பது நோயன்று, அதனைக் காணும் கண்களே என்பது என் துணிபு.

எல்லா நோயும் எங்கும் ஓரளவினதென்று நான் வாதிடவில்லை. சொரியாசிஸ் என்னும் செதிலுதிரும் நோய் பரோயே தீவுகளில் நூற்றுக்கு 2.8 பேரிடம் இருந்ததாக 1963இல் லொம்ஹொல்ட் எழுதினார். அதற்கு முந்திய ஆண்டில், இலத்தீன் அமெரிக்கப் பழங்குடியினர் 26,000 பேரை ஆராய்ந்தும் ஒருவரிடமேனும் அது காணப்படவில்லை என்ற செய்தி வந்தது. பிரேசிலில் 'காட்டுத்தீ' என்று மக்கள் பெயரிட்ட கொப்புள நோய் ஒன்றுண்டு. தெரேனா பழங்குடியினரின் குடியிருப்பொன்றில் நூற்றுக்கு மூவருக்கு மேல் அதனால் வருந்தினர். அதுவும் உடலின் நிர்ப்பீடனம் தன் தோலையே பகையெனக் கொள்வதால் வருவதே. ஆயினும், இரத்தமுறிஞ்சும் பூச்சிகளின் கடி அதனைத் தூண்டுகிறதென ஆய்வாளர் ஐயுறுகின்றனர். காடழிந்து ஊர் பெருகிய இடங்களில் அந்நோய் அருகியது. இரத்தத்தைப் பழிப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ!

வெண்புள்ளியிலும் நடப்பது உட்பகையே. நிறந்தரும் கலங்களை நிர்ப்பீடனக் கலங்கள் அழிக்கின்றன. கிருமி இல்லை, தொற்றும் இல்லை. குட்டநோயின் பற்றீரியாவை 1873இல் நோர்வேயில் ஹன்சன் கண்டறிந்தார். அதன் பெயரை இதற்கும் ஒட்டிய நம் சொல் எத்தனை பேரின் வாழ்வைக் கெடுத்திருக்கும்!

பரம்பரைத் தொடர்பு அறவே இல்லையென்று சொன்னால் அது பொய்யாகும். நோயுற்றவரின் உடன்பிறந்தாருக்கு அது வரும் வாய்ப்பு ஏனையோரினும் கூடுதலே. ஆனால் நூற்றுக்கு ஆறு ஏழு என்ற அளவினது. உருவொத்த இரட்டையருள் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது நூற்றுக்கு 23 என்றே 2003இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஒரே கருவிற் பிறந்தவர்க்கே இவ்வளவெனில், தம்பியின் உதட்டைப் பார்த்துத் தமக்கையை வேண்டாமென்றவர்கள் எந்தக் கணக்கைப் பார்த்தார்கள்?

அந்தத் தம்பி என் வகுப்பு மாணவன். நன்றாக வாசிப்பான். எழுந்து வாசிக்கும்போது புத்தகத்தை முகத்துக்கு மிக அருகே பிடித்துக்கொள்வான். கண்பார்வைக் குறை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.